பாலக்காடு – இடுக்கி எல்லை மலைகளில் பழங்குடியினரும் எண்ணிம இணைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழகத்தின் மேற்கெல்லையை ஒட்டிக் கேரள மாநிலத்துள் அமைந்த மலைப்பகுதிகளுள் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியும் பறம்பிக்குளமும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் பகுதியும் பழங்குடி மக்களின் தொன்மையான வாழ்விடங்களாகும். அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகியோரும், பறம்பிக்குளத்தில் காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகியோரும், இடுக்கியில் முதுவர், மன்னான், ஊராளி, பளியர், மலைப்புலையர் முதலியோரும் வாழ்ந்து வருகின்றனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் பழங்குடியினர் 4,84,839 பேர். அவருள் இடுக்கி மாவட்டத்தில் 55,815 பேரும், பாலக்காடு மாவட்டத்தில் 48,972 பேரும் இருந்தனர்.

கணினி, கைப்பேசி, இணையம் ஆகியவற்றின் வாயிலாகக் கல்வி, அரசுச் சேவை, செய்தி, பண்பாட்டு வெளிப்பாடு ஆகியவற்றில் ஒரு சமுதாயம் முழுமையாகப் பங்குபெறும் நிலையை எண்ணிம இணைப்பு எனலாம். கோபுரம் நடுதல், கருவி வழங்குதல், ஆவணம் தயாரித்தல் ஆகியவற்றைக் கொண்டே இந்நிலை பெரிதும் அளக்கப்பட்டு வருகிறது. இம்மூன்றும் இன்றியமையாதவையே. ஆயினும், இம்மலைகளில் இணைப்புகள் வந்த வரலாற்றை நோக்கும்போது, நான்காவதாக மொழி என்னும் ஒன்று தொடர்ந்து விடுபட்டு வந்துள்ளமை புலனாகிறது. அவ்விடுபாட்டின் வரலாற்றையும், அதனைக் களைவதில் தமிழாய்வுத் துறைக்குள்ள பங்கினையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலைமக்களும் மொழியும்

இம்மக்களுட் பலர் தமிழ்நாட்டோடு தொடர்புடைய தொன்மரபுகளை உடையவர்கள். முதுவர் தம் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர் எனக் கூறுவர். தெய்வத்தையும் குழந்தைகளையும் முதுகில் சுமந்து வந்தமையால் அப்பெயர் பெற்றனர் என்னும் வழக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பதிவாகியுள்ளது. இடுக்கியின் மன்னான் மக்கள் நிகழ்த்தும் கூத்து, கோவலன் கண்ணகி கதையைக் கருவாகக் கொண்டது. கோவில்மலையைத் தலைமையிடமாகக் கொண்ட அவர்தம் அரசமரபு இன்றும் தொடர்கிறது.

இருளர் மொழி தமிழோடு மிக நெருங்கிய உறவுடையது என்பதைச் செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் 1970களில் தொடங்கி வெளியிட்ட ஆய்வுகள் விரிவாக விளக்கின. அம்மொழியில் தமிழ் எழுத்துகளால் நேரடியாகக் குறிக்க இயலாத நடுவுயிர்கள் உள்ளன. எனவே அதனைத் தமிழின் வட்டார வழக்கு என்று எளிதாகச் சொல்லிவிட இயலாது. எனினும் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருளர் மொழியைத் தமிழின்கீழ் அடங்கும் தாய்மொழிகளுள் ஒன்றாகவே வகைப்படுத்துகிறது. 10,000 பேருக்குக் குறைவானோர் பேசும் தாய்மொழிகளின் விவரத்தைத் தனியே வெளியிடாத வழக்கமும் 1971 முதல் நிலவி வருகிறது. இதனால் சிறுகுழுவினரின் மொழிகள் பல, கணக்கில் பெயரின்றியே போயின.

இதற்கு மாறாக, மொழிகளுக்கு மூன்றெழுத்துக் குறியீடு வழங்கும் ஐ.எஸ்.ஓ. 639-3 என்னும் அனைத்துலகத் தரம் 2007இல் வெளிவந்தபோது இருளர், முதுவர், முடுகர், காடர், மன்னான் மொழிகள் தனித்தனிக் குறியீடுகளைப் பெற்றன. கணினியுலகம் இவற்றைத் தனிமொழிகளாக ஏற்றுக்கொண்டது. ஆயின் அக்குறியீட்டைப் பயன்படுத்தி எழுதப்படும் பக்கமோ, படிக்கப்படும் பாடமோ மிக அரிதாகவே உள்ளது. பெயர் பதிவாகி, உள்ளடக்கம் வெறுமையாக நிற்கும் இந்நிலையே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட சிக்கலின் சுருக்கமாகும்.

சரக்கு சென்ற வழிகள்

இம்மலைகளுக்கு வெளியுலக இணைப்பு புதிதன்று. 1877இல் பூஞ்ஞாற்று அரசர் கண்ணன்தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்பவருக்குக் குத்தகையாக வழங்கியபின் தேயிலைத் தோட்டங்கள் பெருகின. 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டது. அது 1908இல் குறுகிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷன் வரை சென்ற தேயிலை அங்கிருந்து கம்பிவடத்தின் வழியே கீழே கொட்டகுடிக்கு இறக்கப்பட்டுப் போடிநாயக்கனூரை அடைந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அவ்விருப்புப்பாதையை அழித்தது.

பறம்பிக்குளத்திலும் இத்தகைய முயற்சி நடந்தது. கொச்சி அரசு சாலக்குடியிலிருந்து பறம்பிக்குளம் வரை அமைத்த காட்டு டிராம் பாதை 1907 முதல் 1963 வரை இயங்கியது. காடர்கள் வாழ்ந்த காட்டினூடே சென்ற அப்பாதை தேக்கையும் பிற மரங்களையும் சமவெளிக்குக் கொண்டு சேர்த்தது. அதன்பின் பறம்பிக்குளம் – ஆழியாறு திட்டம் வந்தது. 1958 முதல் செயலுக்கு வருமாறு 1970இல் கையெழுத்தான உடன்பாட்டின்படி இம்மலையின் நீர் இரு மாநிலங்களுக்கும் பகிரப்பட்டது. கோயம்புத்தூர் மக்கள் பருகும் சிறுவாணி நீரும் பாலக்காடு மாவட்டத்து மலைகளிலிருந்தே வருகிறது.

இடுக்கி அணையின் வரலாறு இவ்வகையில் சிறப்பாகக் கருதத்தக்கது. 1922இல் தோட்ட மேற்பார்வையாளர் டபிள்யூ.ஜே. ஜான் என்பவருக்குக் குறவன், குறத்தி மலைகளுக்கு இடைப்பட்ட பெரியாற்றின் ஒடுங்கிய வழியைக் காட்டியவர் பழங்குடித் தலைவர் கொலும்பன் ஆவார். அவ்விடத்தில் எழுந்த அணையின் மின்திட்டம் 1976இல் நாட்டுக்கு வழங்கப்பட்டது. கொலும்பனுக்கு அணையருகே சிலையும் எழுப்பப்பட்டுள்ளது. ஆயினும் அவர்தம் வழிவந்தோர் வாழும் உள்மலைக் குடியிருப்புகள் பலவற்றுக்கு மின்கம்பி சென்று சேர மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.

மரம், தேயிலை, நீர், மின்சாரம் என்னும் நான்கும் மலையிலிருந்து கீழிறங்குவதற்கு வழிகள் உடனுக்குடன் அமைந்தன. கல்வி, மருத்துவம், செய்தி ஆகியவை மேலேறுவதற்கான வழிகள் காலந்தாழ்ந்தே அமைந்தன. இணைப்பு என்பது தன்னளவில் நடுநிலையானதன்று. அது யார் தேவைக்காக அமைகிறதோ அவர்தம் குடியிருப்பையே முதலில் அடையும் என்பது இவ்வரலாறு காட்டும் உண்மையாகும்.

எல்லைக்கோடும் அதன் விளைவும்

1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த அட்டப்பாடி கேரளத்தின் பகுதியாயிற்று. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுவாக எழுந்தது. எனினும் அவை கேரளத்திலேயே நிலைபெற்றன. இவ்வழக்காடலில் தமிழ் பேசுவோர், மலையாளம் பேசுவோர் என்னும் இரு தொகைகளே பெரிதும் எண்ணப்பட்டன. முதுவர், மன்னான் முதலியோரின் மொழிகள் தனியொரு தரப்பாக எண்ணப்படவில்லை.

இதன் விளைவாக ஒரே மொழி பேசுவோர் இருவேறு கல்வி அமைப்புகளுக்குள் வந்தனர். நீலகிரியிலும் கோவை மாவட்டத்திலும் வாழும் இருளர் குழந்தை தமிழெழுத்தில் கற்கிறது. அட்டப்பாடியில் வாழும் இருளர் குழந்தை பெரும்பாலும் மலையாள எழுத்தில் கற்கிறது. ஒரு பாட்டை இருவரும் பாடுவர். ஆயின் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாது. அச்சுக்காலத்தில் தோன்றிய இப்பிளவு கணினிக்காலத்திலும் அவ்வாறே தொடர்கிறது.

எல்லைக்கோடு போக்குவரத்தையும் பாதித்தது. பறம்பிக்குளம் கேரளத்தின் முதலமடை ஊராட்சியைச் சேர்ந்ததாயினும், அங்குச் செல்லும் மோட்டார்ச் சாலை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழகத்தினூடேயே செல்கிறது. 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் மாநில எல்லை அடைக்கப்பட்டபோது இங்குள்ளோர் தம் ஊராட்சி அலுவலகத்தையே எளிதில் அடைய இயலாதவராயினர். அவ்வாண்டு அக்டோபரில் தேக்கடிக் குடியிருப்பைச் சேர்ந்த பழங்குடியினர் செம்மணாம்பதியை நோக்கித் தாமே காட்டில் வழி வெட்டத் தொடங்கினர். அலுவலகத்தை அடைய வழியின்மை என்பது இம்மக்களுக்கு உருவகமன்று. கையில் வெட்டுக்கத்தி ஏந்தித் தீர்க்க முனைந்த நாள்தோறுமுள்ள துன்பமாகும்.

கணினி வந்த வழி

கேரளத்தின் எண்ணிம முயற்சிகள் நாட்டின் பிற பகுதிகளுக்கு முன்னோடியாக அமைந்தவை. குடும்பத்துக்கு ஒருவரேனும் கணினியறிவு பெறவேண்டும் என்னும் குறிக்கோளுடன் அக்சயா திட்டம் 2002 நவம்பரில் குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்களால் மலப்புறம் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. பின்னர் அம்மையங்கள் மாநிலம் முழுதும் பரவி அரசுச் சேவை மையங்களாக வளர்ந்தன. ஆனால் நடந்து சென்றடையும் தொலைவில் மையம் என்னும் சமவெளிக் கணக்கு சாலையற்ற மலைக்குடிகளுக்குப் பொருந்துவதன்று. அங்குள்ளோருக்கு அகளியும் மூணாறும் மறையூருமே மையங்களாயின. ஒரு சான்றிதழுக்காக ஒரு நாட்கூலி இழக்கப்பட்டது.

இடமலைக்குடி இதற்குத் தக்க சான்றாகும். முதுவர் மட்டுமே வாழும் இம்மலைப்பகுதி, மூணாறு ஊராட்சியிலிருந்து பிரிக்கப்பட்டு 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைக்கப்பட்டது. தன்னாட்சிக்கான அரிய முயற்சி அது. ஆயினும் சாலையும் தொலைத்தொடர்பும் இன்மையால் அவ்வூராட்சியின் அலுவலகம் நெடுங்காலம் தேவிகுளத்திலேயே இயங்க நேர்ந்தது. ஊராட்சி மலையின் உள்ளே இருந்தது. அதன் பதிவேடும் கணினியும் மலைக்கு வெளியே இருந்தன.

எழுத்தறிவு வரலாற்றிலும் இத்தகைய இடைவெளியைக் காணலாம். 1991 ஏப்ரல் 18இல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பின் எடுக்கப்பட்ட 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 94 விழுக்காடாக இருக்க, பழங்குடியினரிடையே அது ஏறத்தாழ 76 விழுக்காடாகவே இருந்தது. முழுமை என்னும் சொல் மாநிலச் சராசரியைக் குறித்ததேயன்றி மலையின் நிலையைக் குறிக்கவில்லை. 2025 ஆகஸ்டு 21இல் கேரளம் முழு எண்ணிம எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டுள்ளது. எண்ணிம அறிவற்றவராகக் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 21.88 லட்சம் பேருள் மிகப் பெரும்பாலோர் பயிற்சி பெற்றனர் என்பது பெருஞ்சாதனையே. எனினும் 1991ஆம் ஆண்டு அறிவிப்புக்குப் பின் நேர்ந்ததை நினைவிற்கொண்டு, இப்பயிற்சி மலைக்குடிகளில் எம்மொழியில் நிகழ்ந்தது, எவ்வளவு காலம் நிலைத்தது என்பவற்றைத் தனியே ஆராய்தல் வேண்டும்.

2020: இணைப்பின்மையின் விலை

2019 செப்டம்பரில் பஹீமா ஷிரின் என்னும் மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வியுரிமையின் பகுதியாகும் எனக் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்லூரி விடுதியில் கைப்பேசி பயன்படுத்துவது குறித்த வழக்கு அது. ஓராண்டு கழியுமுன்னரே அத்தீர்ப்பின் பொருள் மலைமக்களிடையே சோதனைக்குள்ளாயிற்று.

2020 ஜூன் 1இல் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாக வகுப்புகள் தொடங்கியபோது, மாநிலத்தில் ஏறத்தாழ 2.61 லட்சம் மாணவர்களுக்குத் தொலைக்காட்சியோ இணையமோ இல்லை என்பது அரசின் கணக்கெடுப்பால் தெரியவந்தது. பழங்குடியினர் நலத்துறை 2017 முதல் குடியிருப்புகளில் அமைத்துவந்த சமூகப் படிப்பறைகள் அவ்வேளையில் பெரிதும் உதவின. தனித்தனி வீட்டுக்கு இணைப்பு இல்லாத இடங்களில் பொதுவிடம் ஒன்றில் ஒரு திரையும் ஓர் உள்ளூர் உதவியாளரும் இருந்தமையால் பாடம் தொடர்ந்தது.

ஆயின் சிக்கல் திரையோடு முடியவில்லை. திரையில் ஒலித்த மொழி பல குழந்தைகளின் வீட்டுமொழியாக இல்லை. வகுப்பறையில் ஆசிரியர் குழந்தையின் முகம் பார்த்துச் சொல்லை மாற்றிச் சொல்லக் கூடும். தொலைக்காட்சியால் அது இயலாது. எல்லை மாவட்டங்களின் தமிழ்வழி மாணவர்க்குத் தமிழில் பாடங்கள் தயாரிக்கப்பட்டன. பழங்குடிக் குழந்தைகளுக்காக அவர்தம் மொழிகளிலேயே பாடங்களைப் பதிவுசெய்து மடிக்கணினிகள் வழியே வழங்கும் ‘நமது பாஷை’ என்னும் பொருள்தரும் திட்டத்தைக் கேரள சமக்ர சிக்ஷா மேற்கொண்டது. பழங்குடியினத்தைச் சேர்ந்தவரையே துணையாசிரியராக அமர்த்தும் கோத்ரபந்து திட்டம் 2017இல் வயநாட்டில் தொடங்கி அட்டப்பாடிக்கும் வந்திருந்தது. வேறு வழியில்லாத நெருக்கடியில்தான் மலைமொழிகள் கணினிக்குள் முறையாக நுழைந்தன என்பது எண்ணத்தக்கது.

இணைப்பின்மையின் விலை கல்வியோடு நிற்பதன்று. 2020 ஆகஸ்டு 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் நேர்ந்த நிலச்சரிவில் 70 பேர் மாண்டனர். அவர்கள் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மழையால் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயிருந்தமையால் அச்செய்தி மறுநாள் காலையிலேயே வெளியுலகை எட்டியது. இடமலைக்குடிக்குச் செல்லும் காட்டுவழி தொடங்குமிடம் அந்தப் பெட்டிமுடியே. சாலை முடியும் இடத்திலேயே செய்தி ஓரிரவு தாமதமாகுமெனில், அதற்கப்பால் உள்ள குடிகளின் நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

உணவுப்பங்கீடும் இத்தகையதே. 2018இல் கேரளத்தின் நியாயவிலைக் கடைகள் யாவும் விரல்ரேகைக் கருவிக்கு மாறின. கருவி இயங்கக் குறிகை வேண்டும். முன்னர் இணைப்பில்லாமை வசதிக்குறைவாக இருந்தது; உரிமைகள் யாவும் கணினியேறிய பின்னர் அது உரிமையிழப்பாக மாறிவிட்டது.

கோபுரம் வந்தபின்

அண்மை ஆண்டுகளில் நிலைமை விரைந்து மாறிவருகிறது. கேரள அரசின் கே-போன் கண்ணாடியிழை வலையமைப்பு 2023 ஜூன் 5இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஏழைக் குடும்பங்கள் 20 லட்சத்துக்குக் கட்டணமின்றி இணையம் என்பது அதன் குறிக்கோள். இணைப்பில்லாத 24,680 சிற்றூர்களுக்கு 4ஜி சேவை வழங்கும் திட்டத்துக்கு நடுவண் அரசு 2022 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. மிகவும் நலிந்த பழங்குடியினருக்காக 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட பிரதமர் ஜன்மன் திட்டத்திலும் கைப்பேசிக் கோபுரம் ஓர் உறுப்பாக உள்ளது. அட்டப்பாடிக் குறும்பரும் பறம்பிக்குளம் காடரும் அப்பிரிவில் அடங்குவர். இடமலைக்குடிக்கும் 2020களின் முற்பகுதியில் மூணாற்றிலிருந்து வடம் சென்று, கோபுரம் எழுந்தது.

காட்டுச் சட்டங்கள் இத்தகைய பணிகளுக்குத் தடை என்ற கருத்து பரவலாக உள்ளது. 2006ஆம் ஆண்டு வனஉரிமைச் சட்டத்தின் 3(2)ஆம் பிரிவு, பள்ளி, மருந்தகம், நியாயவிலைக்கடை ஆகியவற்றோடு மின் மற்றும் தொலைத்தொடர்புக் கம்பிகளையும் காட்டுநிலத்தில் அமைக்கத்தக்க பொதுவசதிகளாகப் பெயர் சுட்டியே அனுமதிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமை, கிராமசபையின் பரிந்துரை என்பனவே நிபந்தனைகள். அதாவது கம்பி வேண்டுமா என்பதை முடிவுசெய்யும் முதல் உரிமை ஊர்க்கூட்டத்துக்கே உரியது. டிராம் பாதைக்கும் தேயிலைக் கம்பிவடத்துக்கும் யாரும் கேட்காத இசைவு, எண்ணிம வடத்துக்குச் சட்டத்தால் வேண்டப்படுகிறது. இம்மலைகளின் வரலாற்றில் இது ஒரு திருப்பமாகும்.

மொழி என்னும் தளம்

கோபுரம் வந்தபின் அதன்வழி என்ன வருகிறது, என்ன செல்கிறது என்னும் வினா எழுகிறது. செல்வதற்குச் சிறந்த சான்று அட்டப்பாடி இருளர் பாடகி நஞ்சியம்மாவின் பாட்டு. 2020இல் வெளிவந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ என்னும் மலையாளத் திரைப்படத்தில் அவர் இயற்றிப் பாடிய பாட்டு இணையத்தின் வழியே பெரும்புகழ் பெற்றது. 2022இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி விருதும் அவருக்குக் கிடைத்தது. இருளர் மொழி மலையிலிருந்து உலகுக்குச் செல்ல இணையம் தடையாக இல்லை என்பதற்கு இது போதிய சான்றாகும். ஆனால் எதிர்த்திசையில், அதாவது உலகிலிருந்து மலைக்கு, இருளர் மொழியில் வரும் மருத்துவ அறிவுரை, விண்ணப்பப் படிவம், வானிலை எச்சரிக்கை ஆகியவை மிகக் குறைவு. தேயிலையும் நீரும் போலப் பாட்டும் கீழ்நோக்கி எளிதில் இறங்குகிறது. மேலேறுவன தாமதமாகவே ஏறுகின்றன.

இடமலைக்குடியின் இருப்புக்கல்லுக்குடியில் ஒரு தேநீர்க்கடையில் ஏறத்தாழ 160 நூல்களுடன் நடத்தப்பட்ட நூலகம், பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் எழுதிய கட்டுரையால் நாடறியப்பெற்றது. அங்கிருந்த நூல்களுள் சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் ஒன்று. மதுரையிலிருந்து வந்ததாகக் கூறும் மக்கள், மதுரையின் காப்பியத்தை மலையாளத்தில் படித்தனர். கற்கும் வேட்கை அங்கு முன்னரே இருந்தது. வேட்கைக்கேற்ற மொழியில் நூல்தான் இல்லை.

ஒரு மொழி கணினிக்குள் நுழையும் முறையைத் தமிழுலகம் தன் பட்டறிவால் அறியும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் தந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. எழுத்துரு ஒன்றற்கொன்று பொருந்தாத குழப்பக் காலத்தைக் கடந்து, ஒருங்குறி நிலைபெற்றபின்னரே தமிழ் இணையத்தில் பெருகியது. குறியீடு, விசைப்பலகை, உள்ளடக்கம் என்னும் மூன்றும் அறிஞரும் ஆர்வலரும் அரசும் சேர்ந்து உழைத்தமையால் அமைந்தன. அவை தாமே வரவில்லை.

பழங்குடி மொழியொன்று இவ்வழியில் வென்றமைக்குச் சந்தாலி சான்று. 1925இல் ரகுநாத் முர்மு உருவாக்கிய ஒல்சிக்கி எழுத்து 2008இல் ஒருங்குறியில் இடம்பெற்றது. 2018இல் சந்தாலி விக்கிப்பீடியா தொடங்கியது. 2003ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தால் எட்டாம் அட்டவணையில் பெற்ற இடமும் அதற்குத் துணைநின்றது. ஆனால் சந்தாலி பேசுவோர் பல லட்சவர். சில ஆயிரவர் பேசும் மொழிகளுக்கு அவ்வழி முழுமையாகப் பொருந்தாது. 2025 செப்டம்பரில் நடுவண் பழங்குடியினர் நலத்துறை வெளியிட்ட ‘ஆதி வாணி’ என்னும் மொழிபெயர்ப்புக் கருவி சந்தாலி, பீலி, முண்டாரி, கோண்டி ஆகியவற்றுடன் தொடங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலை மொழி எதுவும் அத்தொடக்கப் பட்டியலில் இடம்பெறவில்லை. எண்ணிக்கை மிகுந்த மொழி முன்செல்ல, எண்ணிக்கை குறைந்தது பின்தங்கும் பழைய வழக்கமே இங்கும் காணப்படுகிறது.

சிறுமொழிகளுக்கு எழுத்தைவிட ஒலியே அணித்தான வழி. வாய்மொழி மரபினர்க்குக் கைப்பேசியின் குரற்செய்தி புத்தகத்தைவிட இயல்பானது. வயநாட்டில் 2009இல் தொடங்கிய மாற்றொலி சமுதாய வானொலியும், நீலகிரியில் இயங்கும் ரேடியோ கோத்தகிரியும் பழங்குடி மொழிகளில் நிகழ்ச்சிகள் வழங்கி இவ்வுண்மையை நிறுவியுள்ளன. அட்டப்பாடி ஊர்களில் மூப்பன், வண்டாரி, குருதலை, மண்ணுக்காரன் என்னும் பொறுப்பாளர் வழியே செய்தியும் முடிவும் பரவும் அமைப்பு இன்றும் அறியப்படுகிறது. புதிய கருவி இவ்வமைப்பைப் புறந்தள்ளாது அதனுள் அமைவதே நிலைக்கும்.

உரிமையும் உடன்பாடும்

ஒலியைப் பதிவுசெய்வோர் அதனை யாருக்காகப் பதிவுசெய்கின்றனர் என்பதும் கருதத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இம்மக்களின் சொற்களும் பாடல்களும் மருந்தறிவும் தொகுக்கப்பட்டு வந்துள்ளன. அத்தொகுப்புகள் பெரும்பாலும் தொலைவிலுள்ள நூலகங்களில் தங்கின. சொல் தந்தவர் ஊருக்குத் திரும்பியவை அரிது. வனஉரிமைச் சட்டத்தின் 3(1)ஆம் பிரிவு, மரபறிவின்மீது சமுதாயத்துக்குள்ள அறிவுச்சொத்துரிமையை வெளிப்படையாக ஏற்கிறது. 2007ஆம் ஆண்டு ஐ.நா. பிரகடனத்தின் 16ஆம் பிரிவு, தம் மொழியிலேயே தமக்கான ஊடகத்தை நிறுவும் உரிமையைத் தொல்குடி மக்களுக்கு அளிக்கிறது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்த நாடுகளுள் ஒன்று.

நியூசிலாந்தின் மாவோரி மக்களது ‘தெ ஹிகு’ ஊடக அமைப்பு இவ்வகையில் நல்ல முன்மாதிரி. 2018இல் அது தம் மக்களிடம் வேண்டி, பத்தே நாள்களில் 300 மணிநேரத்துக்கு மேற்பட்ட மாவோரிப் பேச்சைத் திரட்டியது. அதனைக் கொண்டு பேச்சறி கருவியையும் உருவாக்கியது. பதிவுகளைப் பெருநிறுவனங்களிடம் ஒப்படைக்காமல், அவற்றின் காவலர் தம் மக்களே என்னும் கொள்கையை வகுத்துக்கொண்டது. இருளர், முதுவர் மொழிகளில் பணிசெய்ய முனைவோர் இக்கொள்கையிலிருந்தே தொடங்குதல் நலம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. பாலக்காடு, இடுக்கி எல்லை மலைகளில் ஒன்றரை நூற்றாண்டாக வந்த இணைப்புகள் சரக்கை முன்னிட்டு வந்தவை. எண்ணிம இணைப்பே குடிகளின் இசைவைச் சட்டப்படி வேண்டி வந்த முதல் பெரும் இணைப்புகளுள் ஒன்று. அரசுரிமைகள் யாவும் கணினியேறியமையால், இணைப்பின்மை இன்று உரிமையின்மைக்குச் சமமாகிறது. குறிகையும் கருவியும் ஆவணமும் மெல்ல எட்டிவருகின்றன. மொழி இன்னும் எட்டவில்லை.

இதில் தமிழாய்வுத் துறைகள் ஆற்றத்தக்க பணிகள் தெளிவானவை. முதலாவது, இருளர், முதுவர் முதலிய மொழிகளைத் தமிழின் கிளைவழக்கு எனத் தன்வயப்படுத்தும் போக்கை விடுத்து, உறவுமொழிகளாக மதித்தல். இரண்டாவது, நடுவுயிர் முதலிய ஒலிகளைக் குறிக்கத் தமிழ், மலையாளம் ஆகிய ஈரெழுத்துகளிலும் ஒத்திசைந்த எழுத்துமரபை அம்மக்களோடு அமர்ந்து வகுத்தல். அதனால் எல்லையின் இருபுறத்தாரும் ஒருவர் எழுதியதை ஒருவர் கணினிவழி மாற்றிப் படித்தல் கூடும். மூன்றாவது, துறைகளின் ஆய்வேடுகளிலும் ஒலிநாடாக்களிலும் தேங்கியுள்ள சொற்றொகுதிகளையும் பாடல்களையும் எண்ணிம வடிவாக்கி, உரியவர் இசைவுடன் ஊர்ப் படிப்பறைகளுக்குத் திருப்பியளித்தல். நான்காவது, அம்மொழிகளைத் தாய்மொழியாக உடைய மாணவர்களை ஆய்வுப்பொருளாக அன்றி ஆய்வாளராகத் துறைக்குள் கொணர்தல்.

ஐ.நா. அறிவித்த தொல்குடி மொழிகளுக்கான பத்தாண்டு 2022இல் தொடங்கி 2032இல் நிறைவுறுகிறது. அதற்குள் அட்டப்பாடியின் குழந்தையொன்று தன் பாட்டி சொன்ன கதையைத் தன் மொழியிலேயே கைப்பேசியில் தேடிக் கேட்கும் நிலை உருவாகுமாயின், இம்மலைகளுக்கு வந்த இணைப்பு முதன்முறையாக அம்மலைமக்களுக்காக வந்தது எனக் கொள்ளலாம்.